தண்டையல் என்ற சொல்லை வகுப்புக்குக் கொண்டுபோங்கள்

வடமராட்சிப் பாடசாலைகளில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போன கிழமை, தரம் 10 படிக்கும் என் மருமகளிடம் "தண்டையல் என்றால் ஆர்?" என்று கேட்டேன். "வரி தண்டுகிறவரா மாமா?" என்றாள். வல்வெட்டித்துறையில் பிறந்த பிள்ளை. அவளுடைய பூட்டனார் பாய்க்கப்பலில் தண்டையலாக இருந்தவர். பிழை அவளில் இல்லை, வீட்டில் நாங்கள் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

எங்கள் ஊரில் தண்டையல் என்றால் கப்பலின் தலைவர். பர்மாவுக்கும் இந்தியக் கரைகளுக்கும் ஓடிய கப்பல்களில் அவர் சொல்தான் கடைசிச் சொல். இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். 1938இல் அதை அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை ஓட்டிச் சேர்த்தவர்கள் நம் ஊர்க் கடலோடிகள். தலைமை தாங்கியவர் தண்டையல் தம்பிப்பிள்ளை.

ஆனால் இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களுக்கென்று 1886இல் வந்த ஹொப்சன்-ஜொப்சன் அகராதியைப் பாருங்கள். 'டிண்டல்' என்று போட்டு, லஸ்கர்களை, அதாவது வெள்ளைக்காரரிடம் வேலைசெய்த நம் பக்கத்துக் கடலோடிகளை, மேய்க்கும் சிறிய அதிகாரி என்கிறது. வெள்ளைக்காரன் கப்பலில் நம் ஆளுக்கு அந்த இடம்தான் கிடைத்தது. அந்தப் பொருளை மட்டும் பிள்ளைகள் படித்தால் அது பெரிய அநியாயம்.

சொல் எங்கிருந்து வந்தது? மலையாளத்தில் தண்டல், தெலுங்கில் தண்டேலு, மராத்தியில் தாண்டேல். ஆட்களின் வரிசையைக் குறிக்கும் 'தாண்டா'வோடு சிலர் இணைக்கிறார்கள். வேறு சிலர் துடுப்பைக் குறிக்கும் 'தண்டு' என்பதிலிருந்து வந்தது என்கிறார்கள். தண்டு வலித்தல் என்று நாமே சொல்வோம் அல்லவா? எனக்கு இதுதான் பொருந்துகிறது. துடுப்புப் பிடித்த கைதான் பிறகு கப்பலை ஆளும் கையாக வளர்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்பர் காலத்து அயினி அக்பரி என்ற நூல், கப்பலில் இருப்பவர்களைப் பன்னிரண்டு வகையாகச் சொல்கிறது. அதில் தண்டேல் இருக்கிறார், சுக்கான் பிடிப்பவர் இருக்கிறார், ஆழமும் நட்சத்திரமும் அறிந்து வழிகாட்டும் முஅல்லிமும் இருக்கிறார். அந்த அரபுச் சொல்தான் நம்மிடம் மாலுமி ஆனது. முஅல்லிம் என்றால் கற்பிக்கிறவர். அதாவது, ஆசிரியர்களே, அது உங்கள் பெயர்தான்.

சரி, நான் கேட்பது ஒரேயொரு பாடவேளை. வீட்டில் இருக்கும் முதியவர்களிடம் கடல்சொற்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். கப்பலின் முன்பக்கமான அணியம், துடுப்பான சவள், நங்கூரம், காற்றுகளின் பெயர்களான சோளகம், கச்சான், வாடை, கொண்டல் போன்றவை. எந்தச் சொல்லை ஆர் சொன்னார், எந்த ஊர்க் கரையில் அப்படிச் சொல்வார்கள் என்பதையும் பக்கத்தில் குறிக்கட்டும். பருத்தித்துறையில் ஒன்றும் மயிலிட்டியில் இன்னொன்றுமாக வந்தால், இரண்டையும் அப்படியே வைத்திருங்கள். திருத்தவேண்டாம்.

என் அம்மாவுக்கு 88 வயது. தகப்பனைப் பற்றிக் கேட்டால் இன்றும் "தண்டையலார்" என்றுதான் தொடங்குவார். பின்னேரங்களில் விறாந்தையில்தான் இருப்பார். பிள்ளைகளை அனுப்புங்கள், தேத்தண்ணி போட்டு வைக்கிறோம்.

அன்புடன்,
ஒரு தண்டையலின் பேரன்