பையன்களுக்கும் வேலை சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் 1 படிக்கும் என் மகன் காலாண்டு விடுமுறையில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போய் ஏழு நாள் ஒரு கிராமத்துப் பள்ளியில் தங்கி வந்தான். குளக்கரையில் சீமைக் கருவேலம் வெட்டியது, முறைவைத்துக் காய் நறுக்கியது, ராத்திரி வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்தது என்று வந்ததிலிருந்து அதே பேச்சுதான். இப்போது சாப்பிட்ட தட்டை அவனே கழுவுகிறான், அதைவிட, பக்கத்து வீட்டுப் பாட்டியோடு ரேஷன் கடைக்குப் போய் அரிசிப் பையைத் தூக்கி வருகிறான், யாரும் சொல்லாமலே. இதையெல்லாம் நாங்களே பழக்கியிருக்க வேண்டும், மகளிடம் மட்டும் வேலை சொல்லியே வளர்த்துவிட்டோம், தப்புதான்.

காந்தி நூற்றாண்டையொட்டி 1969ல் கல்லூரிகளில் தொடங்கிய திட்டம் இது. பள்ளியில் பிளஸ் 1 வந்தால்தான் சேர முடிகிறது, அதிலும் கேட்ட எல்லோருக்கும் இடமில்லை. சரி, சின்ன வகுப்புக்கு சாரணர், ஜே.ஆர்.சி. (இளம் செஞ்சிலுவைச் சங்கம்) இருக்கிறதே என்றால், எங்கள் பக்கம் அவை சுதந்திர தின அணிவகுப்போடு நின்றுவிடுகின்றன.

எட்டாம் வகுப்பிலிருந்தே மாதம் ஒரு சனிக்கிழமையாவது பையன்களை ஊர் வேலையில் இறக்குங்கள். சிறப்பு வகுப்பு என்று சொல்லி அந்த நாளைப் பிடுங்கிவிடாதீர்கள்.

- ஒரு தாய், மன்னார்குடி