பெயர் கேட்காமல் விட்ட நர்ஸ் அக்காவுக்கு

போன மாதம் பென்னாகரம் பக்கத்திலிருந்து 108 வண்டியில் தர்மபுரிக்கு வந்த இரவு, எனக்கு வலியைவிடப் பயம்தான் அதிகம். முதல் பிரசவத்தில், வேறொரு ஊரில், கத்தியதற்காகத் தொடையில் அடி வாங்கியவள் நான்.

நீங்கள் முதலில் என் பெயரைக் கேட்டீர்கள். திரையை இழுத்து மூடிவிட்டு, "உள்ளே பரிசோதிக்கணும், பார்க்கலாமா கண்ணு?" என்றீர்கள். ஒவ்வொரு தடவையும் அப்படியே கேட்டீர்கள். என்னிடம் கேட்டுவிட்டுத் தொடுவார்கள் என்பதே எனக்குப் புதிது! மல்லாந்தே கிடக்கச் சொல்லாமல் நடக்க விட்டீர்கள். கத்தியபோது, "கத்திக்கோ, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றீர்கள்.

அம்மாவையும் உள்ளே விட்டீர்கள். பிரசவ நேரத்தில் பெண் விரும்பும் ஒருவர் கூட இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலில் சொல்லியிருப்பதை அப்புறம்தான் படித்தேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் கை மட்டும்தான்.

குழந்தையைத் துடைத்து நேராக என் நெஞ்சில் போட்டீர்கள். "ரெண்டாவதும் பொண்ணா..." என்று வாசலில் யாரோ இழுத்தபோது, "நல்லா அழறா, 3 கிலோ இருக்கா, வேறென்ன வேணும்?" என்று கேட்டீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி, அக்கா.

காலையில் தேடினேன். நைட் டூட்டி முடிந்து போய்விட்டீர்கள். உங்களுக்கென்று அம்மா எடுத்து வைத்த வேர்க்கடலைப் பொட்டலம் எங்களோடு ஊருக்கே திரும்பி வந்துவிட்டது.