நீண்டகாலக் கொவிட்டையும் எண்ணுங்கள்

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களப் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு,

கொவிட் காலத்தில் இன்றைக்கு எத்தனை தொற்று, எத்தனை மரணம் என்று நாள்தோறும் கணக்குச் சொன்ன நாடு இது. தொற்று விட்ட பிறகும் உடம்பு தேறாதவர்கள், அதாவது நீண்டகாலக் கொவிட் உள்ளவர்கள், அந்தக் கணக்கில் வரவே இல்லை.

நாலாம் குறுக்குத் தெருவில் எங்கள் கடைக்கு மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர். 2021 ஓகஸ்டில், டெல்டா அலையில் காய்ச்சலோடு வீட்டிலேயே கிடந்தார், பிசிஆர் எடுக்கவில்லை. இப்போது வெங்காய மூட்டையோடு படியேறினால் பாதியில் இறக்கி வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்குகிறார். எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை என்பதும் மறந்துபோகிறது. கேட்டால், "வயசாகுது தம்பி" என்கிறார். வயது நாற்பத்திரண்டு.

இது கொவிட்டின் வேலைதானா என்று ஒருவரை மட்டும் பார்த்து எந்த வைத்தியராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானோரைக் கேட்டால்தான் தெரியும். வைத்தியசாலைப் பதிவுகளில் தேடினாலும், பொசிட்டிவ் வந்தவர்களை மட்டும் தேடினாலும் இவர் விடுபட்டுப் போவார்.

பிரித்தானியாவில் மக்களிடமே நேரடியாகக் கேட்டார்கள். 2023 மார்ச்சில் சுமார் 19 இலட்சம் பேர், அதாவது 2.9 வீதம், தங்களுக்கு நீண்டகாலக் கொவிட் இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே அறிகுறிகள் நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தாலே சேர்த்துக்கொண்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வரையறையோ மூன்று மாதம் என்கிறது. எந்த அளவுகோல் என்பதை முதலிலேயே முடிவுசெய்து வெளியே சொல்லிவிடுங்கள்.

களைப்பு யாருக்குத்தான் இல்லை என்பார்கள். நியாயமான கேள்விதான். நெதர்லாந்து ஆய்வொன்று அதற்கு வழி காட்டியது. தொற்று வந்தவர்களில் 21.4 வீதத்தினருக்கு அறிகுறிகள் கூடியிருந்தன, வராதவர்களிலும் 8.7 வீதத்தினருக்குக் கூடியிருந்தன. கொவிட்டின் பங்கு இடையிலுள்ள 12.7 வீதம். ஆகவே தொற்று வராதவர்களையும் கேளுங்கள். முதலில் மூச்சுவாங்கல், மறதி, களைப்பு பற்றிக் கேட்டுவிட்டு, அப்புறம் கொவிட் வந்ததா என்று கேளுங்கள். கொவிட் என்ற பேரை முதலிலேயே சொன்னால் பதில் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

இதற்குப் புதிதாக ஆள் எடுக்க வேண்டியதில்லை. காலாண்டுக்கு ஒருமுறை தொழிற்படை அளவீட்டுக்காக உங்கள் உத்தியோகத்தர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். அந்தப் படிவத்தில் நான்கைந்து கேள்விகளைச் சேருங்கள். என்ன வேலை செய்கிறார், எத்தனை மணிநேரம் செய்கிறார் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. யாருடைய உழைப்பு குறைந்திருக்கிறது என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். முடிவுகளை மாவட்டவாரியாகவும் தொழில்வாரியாகவும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
புறக்கோட்டை வியாபாரி ஒருவர்,
கொழும்பு 11