கொடியையாவது சரியாகப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பள்ளிகளில் வெளிநாட்டு மொழி கற்பிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம்பிக்கை வராமல் இன்னொரு முறையும் படித்தேன். 'உழைக்காமல் மார்க் வாங்க ஒரு பாடம் வேண்டுமென்றால் பிரெஞ்சு' என்று கட்டுரையாளர் ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு 23 வருடம் அந்தப் பாடத்தை எடுத்தவள் நான். உழைத்தேனா இல்லையா என்பதை என் தொண்டையைக் கேட்டால் சொல்லும்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, நான் மறைக்கவில்லை. பிளஸ் டூவில் மார்க்குக்காகத் தமிழைக் கைகழுவிவிட்டு பிரெஞ்சுக்கு ஓடிவரும் கூட்டம் உண்டு. 2017இல் ரேங்க் பட்டியலை நிறுத்தும்வரை, 'தமிழை மொழிப்பாடமாகக் கொண்டு' மாநில முதலிடம் என்று தனியாகப் பிரித்து அறிவிப்பார்கள். அந்த வரியை டி.வி.யில் கேட்கும்போதெல்லாம் நானே ஏதோ திருடிவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் ஐயா, பதினேழு வயதில் மார்க்குக் கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறவனும் பதினொரு வயதில் வாயைப் பிளந்துகொண்டு என் முன்னால் உட்காருகிற குழந்தையும் ஒன்றா? மூன்றாம் மொழியாக எட்டாவது வரை படிக்கிற பிரெஞ்சின் மார்க் எந்தக் கல்லூரிக்கும் உதவாது. ஒன்பதாவதில் கால்வாசிப் பிள்ளைகள்கூடத் தொடர்வதில்லை. பிள்ளைகள் பயமில்லாமல் ஒரு மொழியைத் தொட்டுப் பார்ப்பது அந்த மூன்று வருடம்தான்.

ஒரு நாள் பலகையில் 'த்யூ', 'வூ' என்று எழுதினேன். நீ, நீங்கள். இங்கிலீஷை வைத்துக்கொண்டு இதை விளக்கத் திண்டாட வேண்டும், நம் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. யாருக்கு எது என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "அம்மாவுக்கு த்யூ, அப்பாவுக்கு வூ மேடம்" என்றான். பிரான்சில் அப்பாவுக்கும் த்யூதான் என்று சொன்னேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. "அடி விழாதா மேடம்?" என்றாள் ஒருத்தி. அப்புறம், நம் வீட்டில் அம்மாவை மட்டும் ஏன் 'நீ' என்கிறோம் என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. அன்று வேறு பாடம் நடக்கவில்லை.

எண்கள் இன்னும் வேடிக்கை. பிரெஞ்சில் 99 என்றால் 'நாலு இருபது, பத்து, ஒன்பது' என்று சொல்ல வேண்டும். பைத்தியக்காரக் கணக்கு என்று எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. "தொண்ணூறுல நூறு இருக்கே மேடம், அது மட்டும் சரியா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஸ்டாஃப் ரூமுக்குப் போய்த் தமிழ் ஐயாவிடம் கேட்டேன். தொல்காப்பியத்திலேயே அதற்குச் சூத்திரம் இருக்கிறது என்று அரை மணி நேரம் சொன்னார். மறுநாள் அவரையே என் வகுப்புக்கு அழைத்து வந்தேன். பிரெஞ்சு பீரியடில் தொல்காப்பியம்! உழைக்காமல் மார்க் வாங்கும் பாடம் என்று சொன்னவருக்கு இதைத் தெரிவிக்கவும்.

எங்களுக்குக் கிடைத்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மொழி பீரியட் வந்தால் வகுப்பைப் பிரிப்பார்கள். ஹிந்திக்காரர்கள் வகுப்பறையில் ஃபேனுக்குக் கீழே, சமஸ்கிருதம் லைப்ரரியில், நாங்கள் கெமிஸ்ட்ரி லேப் வராந்தாவில். மூக்கால் பேச வேண்டிய மொழியை மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பரீட்சை நெருங்கினால் அந்த வராந்தாவையும் கணக்கு மாஸ்டர் பிடுங்கிக்கொள்வார்.

கலாச்சாரம் என்றால் நிர்வாகத்துக்கு ஆண்டு விழாதான். ஒரே தெர்மோகோல் ஈபிள் டவர் ஒன்பது வருடம் மேடையேறியது. எலி கடித்த காலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு ஒப்பேற்றுவோம். ஒரு ஏப்ரல் முதல் தேதி, பிரான்சில் பிள்ளைகள் காகித மீன் வெட்டி அடுத்தவர் முதுகில் தெரியாமல் ஒட்டுவார்கள் என்று சொன்னேன். மத்தியானத்துக்குள் பள்ளி முழுக்க மீன். ஒன்று கரஸ்பாண்டெண்ட் முதுகிலும் இருந்தது. சாயங்காலம் என் கையில் மெமோ. 'கலாச்சாரம் என்ற பெயரில் ஒழுங்கீனம்' என்று எழுதியிருந்தார்கள். அந்த மெமோ இன்னும் பீரோவில் இருக்கிறது.

மேலே இருப்பவர்களும் சளைத்தவர்கள் இல்லை. 2014 நவம்பரில், கேந்திரிய வித்யாலயாக்களில் ஆறிலிருந்து எட்டாவது வரை ஜெர்மன் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பாதி வருடத்தில் சமஸ்கிருதத்துக்கு மாறச் சொன்னார்களே, தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சமஸ்கிருதம் மேலா ஜெர்மன் மேலா என்று ஊரே விவாதித்தது. பாதி நோட்டுப் புத்தகத்தோடு நின்ற பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

'நமக்குச் சம்பந்தமில்லாத மொழி' என்றும் உங்கள் கட்டுரை சொல்கிறது. தங்களுக்குத் தெரியாததில்லை. சென்னையிலிருந்து மூன்று, நான்கு மணி நேரத்தில் போய்விடக்கூடிய புதுச்சேரி, 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சு கவர்னர் துப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை எழுதிய நாட்குறிப்பு தமிழில்தான் இருக்கிறது. என் தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். இந்தச் சொல்லுக்குப் புதுச்சேரியில் யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள்.

ஏழாம் வகுப்பு ஒன்றை, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, என் செலவில் வேன் பிடித்து அங்கே கூட்டிப்போனேன். ஆட்டோக்காரர் 'டூமாஸ் ஸ்ட்ரீட்' என்று வழி சொன்னார். என் மாணவன் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணே, கடைசி எழுத்தை முழுங்கணும், துமா" என்றான். ஆட்டோக்காரர், "முழுங்கிட்டா சவாரிக்கு யாருப்பா வருவா?" என்றார். எனக்கு அவன் சொன்னதும் பிடித்தது, அவர் சொன்னதும் பிடித்தது. கடற்கரையில் 'மேரி' கட்டிடத்தைப் பார்த்ததும், "மாதா கோயிலா மேடம்?" என்று ஒருத்தி கேட்டாள். மேரி என்றால் நகராட்சி அலுவலகம் என்று அங்கேதான் கற்றுக்கொண்டாள். இதற்கெல்லாம் எந்தப் பரீட்சையிலும் மார்க் இல்லை, ஐயா.

கட்டுரையாளரிடம் மன்னிப்பு எதிர்பார்க்கவில்லை. எங்கள் வராந்தாவைத் தாங்கள் வாங்கித் தரவும் முடியாது. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். கட்டுரையின் தலைப்புக்குப் பக்கத்தில் பிரெஞ்சுக் கொடி என்று படுக்கைவசத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் போட்டிருக்கிறீர்கள். அது நெதர்லாந்துக் கொடி. பிரெஞ்சுக் கொடிக்குப் பட்டைகள் நெட்டுவாக்கில் வரும், கம்பத்தை ஒட்டி நீலம், நடுவில் வெள்ளை, அப்புறம் சிவப்பு. அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் திருத்திப் போடுங்கள். கலர் பக்கமாகப் பார்த்துப் போடுங்கள், கறுப்பு வெள்ளையில் போட்டால் எது நீலம், எது சிவப்பு என்று தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை,
தாம்பரம்.

(பெயர் போட வேண்டாம். கிராஜுவிட்டி இன்னும் கைக்கு வரவில்லை.)