ஆணையும் பெண்ணையும் ஒரே கவரில் கட்டாதீர்கள்: வண்ணமீன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வண்ணமீன் கடை உரிமையாளர்களுக்கும், ஃபைட்டர் வளர்த்து மொத்த விலைக்குக் கொடுக்கும் பண்ணைக்காரர்களுக்கும்,

வணக்கம்.

கடைகளில் இப்போது புதிதாக ஒரு சரக்கு வந்திருக்கிறது. இரண்டு லிட்டர்கூடப் பிடிக்காத கண்ணாடிக் கிண்ணம், அடியில் நீலக் கல், ஒரு பிளாஸ்டிக் செடி, உள்ளே ஓர் ஆண் ஃபைட்டர் (பெட்டா என்றும் சொல்லும் சண்டை மீன்), ஒரு பெண் ஃபைட்டர். மேலே சிவப்பு ரிப்பன், ‘லவ் பேர்’ என்று ஸ்டிக்கர். பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் பரிசாக வாங்கிப் போகிறார்கள். இரண்டையும் ஒன்றாக விட்டால் என்ன ஆகும் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தானே உங்கள் கடையில் ஒவ்வொரு ஃபைட்டரையும் தனி பாட்டிலில் வைத்து, பக்கத்து மீன் தெரியாதபடி நடுவே அட்டை செருகியிருக்கிறீர்கள்? காசு வாங்கும் நேரத்தில் மட்டும் அந்த அட்டை எங்கே போகிறது?

நாங்கள் கேட்பது சிறிய விஷயம். ஆணையும் பெண்ணையும் தனித்தனிக் கவரில் கட்டிக் கொடுங்கள். ஒன்றாக விடக் கூடாது என்று வாயாலும் சொல்லுங்கள், ஓர் அட்டையில் எழுதியும் கொடுங்கள்.

கிண்ணத்துக்குள் நடப்பது இதுதான். விட்டவுடன் ஆண் செவுளை விரித்து, துடுப்பை எல்லாம் பரப்பிக்கொண்டு பெண்ணைச் சுற்றும். பார்க்க அழகாக இருக்கும். வீட்டில் எல்லோரும் போனில் படம் எடுப்பார்கள். பெண்ணின் வயிற்றில் முட்டை முற்றியிருக்காவிட்டால் அது வெளிறிப்போகும், உடலில் நீளவாக்கில் கருங்கோடுகள் ஓடும், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலை தேடும். தாய்லாந்தின் நெல்வயல்களிலும் ஆழமில்லாத சேற்றுக்குட்டைகளிலும் இந்த மீன் வாழும்போது, விரட்டப்பட்ட பெண் புல்லுக்குள் புகுந்து ஓடிவிடும்; தன் எல்லையைத் தாண்டியதும் ஆண் கூட்டுக்குத் திரும்பிவிடும். உருண்டைக் கிண்ணத்தில் மூலையும் இல்லை, எல்லையும் இல்லை. ஆணுக்கு அவள் ஓடிப்போகாத எதிரி.

முதலில் வால் கிழியும். பிறகு அடித்துடுப்பு. பிறகு விலாவில் செதில் உரிந்து வெள்ளையாகத் தெரியும். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு, பலரும் கவனிக்காதது. ஃபைட்டருக்குச் செவுளோடு, தலைக்குள் காற்றை நேரடியாக எடுக்கும் உறுப்பும் இருக்கிறது. அதற்காக அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று விழுங்கியாக வேண்டும். காற்றுக்குழாய் இல்லாத, வெயிலில் சூடான கிண்ணத்துத் தண்ணீரில் செவுள் மட்டும் போதாது. ஆணோ நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேதான் காவல் நிற்கும். அங்கேதான் அது குமிழிக் கூடு கட்டும். பெண் மூச்சுக்கு மேலே வரும் ஒவ்வொரு முறையும் அடி விழுகிறது. வராமல் இருக்கவும் முடியாது. இரவு விளக்கை அணைத்த பிறகு இதுதான் நடக்கிறது. காலையில் பெண் கிண்ணத்தின் அடியில் கிடக்கும், அல்லது துள்ளி வெளியே விழுந்து தரையில் காய்ந்திருக்கும். சில வீடுகளில் நேர்மாறாகவும் நடக்கும்: கனத்த வாலை இழுத்துக்கொண்டு திரும்பவே முடியாத ஹாஃப்மூன் (அரைவட்டமாக வால் விரியும் வகை) ஆணை, வேகமான பெண் கடித்துக் குதறிவிடும்.

வாங்கியவர் கடைக்குப் போன் செய்தால் கிடைக்கும் பதிலும் தெரிந்ததே. “தண்ணி மாத்துங்க, நீல மருந்து ரெண்டு சொட்டு விடுங்க.” அதற்குப் பிறகு, “புதுசா ஃபீமேல் வந்திருக்கு, வாங்கிக்கோங்க.”

ஃபைட்டரை ஜோடி சேர்க்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சேர்க்கலாம், அது சில மணி நேர வேலை. அதற்கு முன்னும் பின்னும் தனித்தனித் தொட்டி. இதை உங்களுக்குச் சொல்லித்தர நாங்கள் யார்? சென்னை குளத்தூர்ப் பக்கம் தலைமுறையாக இதே தொழில் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் செய்வதைத்தான் திருப்பிச் சொல்கிறோம், உங்கள் வாடிக்கையாளருக்கு நீங்கள் சொல்லாமல் விடுவதால்.

இரண்டையும் பத்து நாளாவது தனியாக வைத்து கொசுப்புழு, ஆர்ட்டீமியா, மொய்னா (இரண்டும் இறால் இனச் சிற்றுயிர்கள்) என உயிர் இரை கொடுக்க வேண்டும். பெண்ணின் வயிறு உருண்டு, அடியில் உப்புக்கல் அளவு வெள்ளைப் புள்ளி நீட்டிக்கொண்டு தெரிய வேண்டும். ஆணைப் பார்த்ததும் அடர்நிறப் பெண்ணின் உடலில் குறுக்குப் பட்டைகள் எழுந்தால் தயார். நீளக் கோடு என்றால் பயம். (வெள்ளை, மஞ்சள் மீனில் பட்டை தெரியாது, வயிற்றைத்தான் நம்ப வேண்டும்.) ஆண் குமிழி கட்டியிருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் பெண்ணை விடக் கூடாது. தனியாக இருக்கும் ஆண்கூடக் குமிழி கட்டும்.

தொட்டி 30, 40 லிட்டர் பிடிப்பதாக இருக்கட்டும். தண்ணீர் மட்டும் ஒரு சாண் உயரத்துக்குக் குறைவாக. கல் வேண்டாம், முட்டை இடுக்கில் விழுந்துவிடும். 26 முதல் 28 டிகிரி சூடு. குளோரின் போன, ஒரு நாள் வைத்திருந்த தண்ணீர். கூடு ஒட்ட, பாதியாக வெட்டிய தெர்மாகோல் கப் ஒன்று அல்லது காய்ந்த பாதாம் இலை. பெண் ஒளிய ஒரு மூலை நிறைய வேலம்பாசி. அந்தப் பாசி இல்லாவிட்டால் ஜோடி சேர்க்கவே வேண்டாம், அவ்வளவு முக்கியம். பெண்ணை அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் ஒரு நாள், இரண்டு நாள் காட்டிவைத்து, கூடு முடிந்ததும் திறந்துவிட வேண்டும். ஆண் அவளை வளைத்துப் பிடித்து முட்டை விழவைக்கும், மூழ்கும் வெள்ளை முட்டைகளை வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். முட்டையிட்டு முடிந்ததும் ஆண் மறுபடி விரட்டத் தொடங்கும். அந்த நொடியே பெண்ணை எடுத்துவிட வேண்டும்; நின்றால் அடி வாங்குவாள், சில சமயம் முட்டையையும் தின்பாள். அவளுக்குத் தனித் தண்ணீர், ஒரு பாதாம் இலை, பத்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பு. ஒரு நாள் முழுக்க ஒன்றாக இருந்தும் முட்டை இல்லை, துடுப்பு கிழிகிறது என்றால் பிரித்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்கலாம்.

இனி குஞ்சு. ஒன்றரை நாளில் பொரிந்து கூட்டில் வால் கீழாகத் தொங்கும். இன்னும் இரண்டு மூன்று நாளில் கிடையாக நீந்தத் தொடங்கும். அன்று ஆணையும் எடுத்துவிட வேண்டும். இந்தக் கட்டத்தில் கடைகள் சொல்லும் ஆலோசனை: அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றுங்கள். அசையாத இரையை அந்த வயதுக் குஞ்சு பெரும்பாலும் சீண்டாது. மஞ்சள் கரு அடியில் படிந்து அழுகும், அமோனியா ஏறும், ஓரிரு நாளில் தொட்டி காலி. தேவை உயிருள்ள நுண்ணிரை. பழைய தொட்டித் தண்ணீரில் வாழைப்பழத்தோல் ஒரு துண்டு போட்டு வெளிச்சத்தில் வைத்தால், நாலைந்து நாளில் கலங்கிப் பிறகு தெளியும். அந்தத் தண்ணீரில் இன்ஃபியூசோரியா என்ற நுண்ணுயிர்கள் இருக்கும். ஜோடி சேர்ப்பதற்கு முன்பே அதைத் தயார் செய்ய வேண்டும், முட்டை பொரிந்த பிறகு தேடினால் நேரமில்லை. நாலைந்து நாள் கழித்து, தனிப் பாத்திரத்துத் தண்ணீரில் லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு கலந்து, காற்று விட்டு ஒரு நாளில் பொரிக்கவைத்த ஆர்ட்டீமியா. தொட்டிக்கு மூடி கட்டாயம்: மூன்று, நான்கு வார வயதில் காற்று எடுக்கும் உறுப்பு வளரும்போது மேலே குளிர்ந்த காற்று பட்டால் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் சாகும்.

ஒரு ஈட்டில் நூறு, இருநூறு குஞ்சு சாதாரணம். இரண்டு, மூன்று மாதத்தில் ஆண் குஞ்சுகள் சண்டை போடத் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் தனி பாட்டில், தினமும் தண்ணீர் மாற்ற ஓர் ஆள். இதைச் சொல்லிவிட்டு யாருக்காவது ‘பிரீடிங் பேர்’ விற்றுப் பாருங்கள், பாதிப் பேர் ஒற்றை மீனோடு போவார்கள். உங்கள் தயக்கம் அங்கேதான் என்பது எங்களுக்குப் புரியாமல் இல்லை.

இன்னொன்று. ‘ஜோடி’ என்று கொடுப்பவற்றில் கணிசமானவை ஜோடியே அல்ல. குட்டை வால் பிளக்காட் ஆண் இளசாக இருக்கும்போது பெண்போலவே இருக்கும். கண்ணாடியைக் காட்டிச் செவுளை விரிக்கவைத்து, அடியில் தாடி எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைப் பார்க்காமல் இரண்டு ஆணைக் கட்டிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் மனிதர் கைப்பட்ட இனம் இது என்கிறது 2022இல் வந்த மரபணு ஆய்வு. சண்டைக்கென்று பொறுக்கி எடுத்து வளர்த்த மீன், ரிப்பன் கட்டியதும் சாதுவாகிவிடாது.

சொல்ல ஆரம்பித்தால் நீள்கிறது. பூச்சாடியில் மணிபிளான்ட் வேருக்குக் கீழே ஃபைட்டர், ‘தீனி வேண்டாம், வேரைத் தின்னும்’ என்ற விளக்கத்தோடு. அது பூச்சியும் புழுவும் தின்னும் மீன். வாடிக்கையாளர் ரசிக்க இரண்டு ஆண் பாட்டில்களை நாள் முழுக்க ஒட்டிவைப்பது. வளர்ந்தால் ஓர் அடியைத் தாண்டும் என்று சொல்லாமலே விற்ற டேங்க் கிளீனர் மீன், இன்று ஏரி வலைகளில் மாட்டிக்கொண்டு மீனவர் தலையில் கைவைக்கிறது. வளர்க்க முடியாத ஃபைட்டர் குஞ்சுகளும் கிணற்றுக்கும் குளத்துக்கும்தான் போகின்றன. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில், மனிதரைத் தவிர எந்த உயிரும் விலங்குதான்; மீனுக்கு விலக்கு ஒன்றும் எழுதிவைக்கவில்லை. ஆனால் சட்டத்தைக் காட்டி மிரட்ட இந்த மடலை எழுதவில்லை, மன்னிக்கவும். கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறோம்.

ஆகவே மீண்டும் பணிவோடு: தனித்தனிக் கவர். தனித்தனித் தொட்டி தேவை என்ற ஒரு சொல். ‘லவ் பேர்’ கிண்ணத்தை விற்பனையிலிருந்து எடுத்துவிடுங்கள். அதே கிண்ணத்தைவிடப் பெரிதாக, பத்து லிட்டருக்குக் குறையாத தொட்டியில் ஒரே ஒரு ஆணை, மூடியோடும் பாதாம் இலையோடும் பரிசாக விற்கலாம். உங்களுக்கு வரும் லாபம் குறையாது, தொட்டி விலை கூடுதலாகவே வரும். பண்ணைக்காரர்கள் பெண் மீன்களை அனுப்பும்போதே, ஆணோடு சேர்த்து வைக்கக் கூடாது என்று கவரில் ஒரு சீட்டு ஒட்டி அனுப்பினால் பாதி வேலை முடிந்துவிடும்.

மே மாத விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் கடைக்கு வரத் தொடங்குவதற்கு முன் இதைச் செய்து கொடுத்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். அட்டைக்கான வாசகத்தை நாங்களே எழுதித் தருகிறோம். அச்சுச் செலவு பாரம் என்று நினைக்கும் கடைகள் சொன்னால், அதையும் பகிர்ந்துகொள்ளத் தயார்.

வணக்கத்துடன்,
ஃபைட்டர் வளர்ப்போர் சிலர்