ரொறன்ரோ மாநகர சபைக்கு: மழைத்தண்ணிக் கட்டணத் திட்டத்தைத் திரும்பக் கொண்டுவாங்கோ

மதிப்புக்குரிய மேயருக்கும் கவுன்சிலர்மாருக்கும்,

ஸ்காபரோவில கனகாலமா இருக்கிற, ஒழுங்கா தண்ணி பில்லும் வீட்டு வரியும் கட்டுற ஒரு ஆள் எழுதுறன். மழைத்தண்ணிக் கட்டணம், அதாவது தார், கூரை மாதிரித் தண்ணி உறிஞ்சாத தரை எவ்வளவு இருக்கோ அந்த அளவுக்கு வாங்கிற கட்டணம், பற்றி உங்களுக்குப் புதுசா விளக்கத் தேவையில்லை. 2017இல ஒருக்கா கிடப்பில போட்டியள், 2024 வசந்தகாலத்தில மக்களிட்ட கருத்துக் கேக்கத் தொடங்கினியள், "மழை வரி" எண்டு நாலுபேர் கத்த, அமெரிக்காவில இருக்கிறவையும் சேர்ந்து நக்கலடிக்க, அப்பிடியே நிப்பாட்டிப் போட்டியள். அதே வருசம் ஜூலை 16, பியர்சன் விமான நிலையத்தில கிட்டத்தட்ட 98 மில்லிமீற்றர் மழை, டொன் வாலி பார்க்வே எண்ட பெருந்தெருவில ஆக்கள் காருக்கு மேல ஏறி நிண்டவை, யூனியன் ரயில் ஸ்டேஷனுக்குள்ள தண்ணி. ஆகஸ்டிலயும் திரும்ப அடிச்சது. தெற்கு ஒன்ராறியோ முழுக்க அந்த ஜூலை வெள்ளத்துக்கு மட்டும் இன்சூரன்ஸ் கொம்பனியள் குடுக்க வேண்டி வந்தது 900 மில்லியன் டொலருக்கு மேல. கட்டணம் வேண்டாம் எண்டு விட்டதால சனத்துக்குக் காசு மிச்சமாச்சோ எண்டு நீங்களே சொல்லுங்கோ.

டிவியில காட்டினது பார்க்வேயை. காட்டாத ஒண்டைச் சொல்லுறன். அந்தக் கோடை மழை ஒண்டில எங்கட தெருவில ஒரு வீட்டு பேஸ்மென்ற்ல வாடகைக்கு இருந்த குடும்பம், புருசன் பெண்சாதி ஒரு சின்னப்பிள்ளை, அகதி கோரிக்கை விசாரணைக்குத் தேதி பாத்துக்கொண்டு இருந்தவை. மழை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில பாத்ரூம் தரையில இருக்கிற ட்ரெயின் மூடி களகள எண்டு சத்தம் போட்டிருக்கு, பிறகு அதுக்குள்ளால கறுப்புத் தண்ணி, என்ன மணம் எண்டு நான் சொல்லத் தேவையில்லை, கணுக்கால் மட்டும் வந்திட்டுது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேல ஓடினவை, கட்டிலுக்குக் கீழ இருந்த சூட்கேஸை மறந்திட்டினம். அதுக்குள்ளதான் பிறப்புச் சாட்சிப் பத்திரம், ஊரில எடுத்த பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, ஆஸ்பத்திரிக் கடிதம், எல்லாம் மூலப் பிரதி. அண்டைக்கு இரவு மேல்வீட்டுக் குசினி மேசையில அதுகளை ஒவ்வொண்டாப் பரப்பி அந்தப் பிள்ளையின்ர தாய் தலை காயவைக்கிற மெஷினால காயவைச்சுக்கொண்டு நிண்டா, நீல மை கரைஞ்சு பேர் இருந்த இடம் ஒரு கறையா நிண்டது. வாடகைக்கு இருந்த அந்தக் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் இல்லை. வீட்டுக்காரருக்கு இருந்தது, ஆனா கழிவுநீர் திரும்பி வாறதுக்கு அந்த பொலிசியில கவரேஜ் இல்லையாம். நனைஞ்ச சுவர்ப் பலகையை வெட்டி எடுக்க முதலே பூஞ்சணம் பிடிச்சிட்டுது.

அந்தத் தண்ணி எங்கயிருந்து வந்தது? எங்கட தெரு முடிவில ஒரு பெரிய பிளாசா, கடையளை விட பார்க்கிங்தான் பெரிசு, தார் போட்ட தரை, ஒரு புல்லு கிடையாது. அதில விழுற மழை அவ்வளவும் நேர தெருக் குழாய்க்குத்தான் ஓடுது, அதைத் தாங்கத்தான் குழாய்க்கு ஏலாமப் போகுது. எங்களைக் கூரைப் பீலிக் குழாயை நிலத்துக் குழாயில இருந்து கழட்டச் சொன்னியள், சட்டம் போட்டியள், 2016 முடிவில இருந்து நகரம் முழுக்கவும் கட்டாயம், நாங்களும் கழட்டிப்போட்டு எங்கட புல்லுக்குள்ள தண்ணியை விடுறம். சரியான வேலைதான், குறை சொல்லேல்ல. ஆனா அந்தப் பார்க்கிங்காரரிட்ட ஒரு சதம் கூட அந்தத் தரைக்கெண்டு கேக்கிறியள் இல்லையே! இப்ப மழைத்தண்ணிக் குழாய்க்கான காசு எல்லாம் குடிதண்ணி பில்லுக்குள்ளால தானே வருது, குழாய்த் தண்ணி பாவிக்கிற அளவுக்குத்தான் கட்டணம். அப்ப அம்மம்மா, அப்பப்பா, பிள்ளையள் எண்டு ஏழுபேர் இருக்கிற வீடு, தினமும் சமைச்சு உடுப்புத் தோய்க்கிற வீடு, கூடக் கட்டுது. தண்ணிக் கனெக்ஷனே இல்லாத பார்க்கிங் லொட் ஒண்டும் கட்டாது. இது எந்த ஊர் நியாயம்?

நாங்கள் கேக்கிறது ஒண்டே ஒண்டுதான். தண்ணி உறிஞ்சாத தரை எவ்வளவு வைச்சிருக்கினமோ அந்த அளவுக்குக் கட்டணம் வையுங்கோ, அதே நேரம் தண்ணி பில்லில அந்தப் பங்கைக் குறையுங்கோ. உங்கட அதிகாரியள் போட்ட திட்டமே அதுதான், புதுவரி இல்லை, அதைச் சனத்துக்கு ஒழுங்கா விளங்கப்படுத்தாமல் விட்டது உங்கட பிழை. பக்கத்தில மிசிசாகா 2016இல இருந்து செய்யுது, ஆகாயப் படம் பாத்து அளக்கினம், பெரிய கட்டடக்காரர் தங்கட காணியிலயே தண்ணியைத் தேக்கி வைச்சா கட்டணத்தில பாதி வரை தள்ளுபடியும் குடுக்கினம். ஒன்ராறியோவில இருக்கிற கிச்சனர், வாட்டர்லூ நகரங்களும் அதுக்கு முதலே 2011இல தொடங்கிட்டினம். மிசிசாகாவிலயும் 2024இல வெள்ளம் வந்ததுதான், இல்லையெண்டு சொல்லேல்ல, ஆனா அவையிட்ட குழாய்க்கும் மழைத்தண்ணி தேக்கிற குளத்துக்கும் எண்டு வேற ஒண்டுக்கும் எடுக்க ஏலாத காசு ஒண்டு இருக்கு. எங்களிட்ட என்ன இருக்கு?

எங்கட கோயில்களுக்கும் சேர்ச்சுகளுக்கும் பெரிய பார்க்கிங் இருக்கு, அவையும் கட்டத்தான் வேணும், எங்கட ஆக்கள் எண்டு நான் விலக்குக் கேக்கேல்ல. வருமானம் குறைஞ்ச முதியவருக்கு மட்டும் சலுகை வையுங்கோ.

இன்னொண்டும் சொல்லவேணும், மனசுக்குள்ள கனநாள் கிடந்தது. தை மாசம் வந்தா பொங்கலுக்கு வாறியள், வணக்கம் எண்டு கும்பிடுறியள், தமிழ் மரபுத் திங்கள் எண்டு பிரகடனம் வாசிக்கிறியள், அதில எங்களுக்குச் சந்தோசம்தான். ஆனா அந்த வீட்டு முன்னுக்கு நனைஞ்ச மெத்தையும் கார்பெட்டும் குவிஞ்சு கிடந்த கிழமை ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்ல, ஓபிசுக்கு அடிச்சா மெஷின்தான் கதைச்சது. பேஸ்மென்ற்ல இருக்கிறவை கனபேருக்கு வோட்டு இல்லை எண்டதாலயோ எண்டு கூட நினைச்சன். அப்பிடி இல்லையெண்டு நீங்கள் செய்து காட்டவேணும்.

சரி, கோவத்தில கொஞ்சம் கூடக் கதைச்சிட்டன், மன்னிக்கவும். ஆனா கேட்டதில மாற்றமில்லை: தரையளவுக்குக் கட்டணம், அதுவும் பெரிய பார்க்கிங் லொட்டுகளில இருந்து தொடங்குங்கோ, வாற காசு மழைத்தண்ணி வேலைக்கு மட்டும் எண்டு எழுத்தில போடுங்கோ. நிப்பாட்டி வைச்ச அந்தக் கருத்துக் கேட்டலைத் திரும்ப நிகழ்ச்சி நிரலில ஏத்துங்கோ. ஸ்காபரோவிலயும் ஒரு கூட்டம் வையுங்கோ, நோட்டீஸ் தமிழிலயும் வரட்டும், பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு வையுங்கோ, ரெண்டு வேலை செய்யிற சனம் பகலில வரேலாது. தயவுசெய்து அடுத்த கோடைக்கு முதல்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில இருந்து ஒரு தண்ணி பில் கட்டுபவர்