மடங்காத சக்கரம் விரியாமல் போகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில், மஞ்சள் நிறக் குட்டி விமானம் ஒன்று இறக்கை தரையில் பட, புல்வெளியில் சாய்ந்து கிடக்கும் படம் வந்திருந்தது. 'சக்கரங்கள் விரியாததால் விபத்து. 80 ஆண்டுப் பழைய விமானம்' என்று அதன் கீழே போட்டிருந்தீர்கள். படத்தில் இருப்பது பைப்பர் கப் என்ற ரகத்து விமானம். அதன் சக்கரங்கள் மடங்கவும் மாட்டா, விரியவும் மாட்டா. தரையிலும் வானத்திலும் ஒரே நிலைதான்.

சிறிய விமானங்களின் அடியில் மல்லாந்து படுத்தே என் சர்வீஸ் கழிந்தது என்பதால் இதை எழுதுகிறேன். கப் விமானத்தின் இரண்டு கால்களும் எஃகுக் குழாயால் ஆனவை. மேல்முனை உடற்பகுதியில் போல்ட் போட்டு, அசையும்படி பூட்டியிருக்கும். தரையிறங்கும்போது கால்கள் பக்கவாட்டில் அகலும். அப்போது வயிற்றுக்கு அடியில் உள்ள தடித்த ரப்பர் வளையங்கள் இழுபட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். லாரி தார்ப்பாய் கட்டும் ரப்பர் கயிறு மாதிரிதான், ஆனால் முரட்டுத்தனமானது. புது வளையத்தை மாட்டுவது இரண்டு ஆள் வேலை. கை நழுவினால் விரல் போகும்.

இதில் சிக்கல் என்னவென்றால், அந்த வளையங்களின் மேல் உறை போட்டு மூடியிருப்பார்கள். வெளியே பார்க்க எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஒருமுறை நான் உறையைப் பிரித்தபோது மேல் நூல் பின்னல் அப்படியே இருந்தது. உள்ளே இருந்த ரப்பர் மாவாக உதிர்ந்தது. வெயிலும் சிந்தின எண்ணெயும் ரப்பரைத் தின்றுவிடும், விமானம் பறக்காமல் ஷெட்டில் நின்றாலும்கூட.

இந்த வளையக் கயிறு எந்த வருடம், எந்தக் காலாண்டில் தயாரானது என்பதை அந்தப் பின்னலில் ஓடும் வண்ண நூல்களே சொல்லும். ஆனால் வருடத்துக்கான நிறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். நூலை மட்டும் நம்பினால் பத்து வருடக் கயிறு ஐந்து வருடக் கயிறாகத் தெரியும். அதனால்தான் மாற்றிய தேதியை லாக் புக்கில், அதாவது விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில், எழுதச் சொல்கிறார்கள்.

ஒரு படத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. கயிறு அறுந்திருக்கலாம், போல்ட் தேய்ந்திருக்கலாம், குழாயின் வெல்டிங்கில் விரிசல் விட்டிருக்கலாம். பக்கக் காற்றில் வால் சுழன்று ஒரே காலில் பாரம் விழுந்திருக்கவும் கூடும். கப் போல வாலில் சக்கரம் உள்ள விமானங்களில் அது புதிதல்ல. ஆனால் 80 வயதைக் குற்றவாளி ஆக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த ரகத்தில் கிட்டத்தட்ட 20,000 விமானங்களை 1947 வரை செய்தார்கள். மேலே போர்த்திய துணியும் ரப்பரும் மாற்றி, இன்ஜினைப் பிரித்துச் சரிபார்த்து, இன்றும் பலர் பத்திரமாக ஓட்டுகிறார்கள்.

சக்கரம் நிஜமாகவே இறங்காமல் போகிற பழைய விமானங்கள் வேறு. 1947-ல் விற்பனைக்கு வந்த பீச்கிராஃப்ட் பொனான்ஸாவில் மின்மோட்டார்தான் சக்கரத்தை இறக்கும். அது கைவிட்டால், முன் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள கைப்பிடியை ஏறத்தாழ 50 சுற்று சுற்ற வேண்டும், மறு கையால் விமானத்தையும் பிடித்துக்கொண்டு!

ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளி விமான ஓடுபாதை பக்கத்தில் இருப்பதால் எங்கள் டீக்கடையில் விமானப் பேச்சு சாதாரணம். 1990-களில் அங்கே பி-68 என்ற இரட்டை இன்ஜின் விமானம் செய்தார்கள். அதற்கும் மடங்காத சக்கரம்தான். உங்கள் செய்தியைப் படித்த ஒருவர், "பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டியத எதுக்குண்ணே ஓட்டறாங்க?" என்று என்னிடமே கேட்டார்.

ஓசூருக்குப் பன்னாட்டு விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்ததிலிருந்து, இங்குள்ள பிள்ளைகள் விமானப் பராமரிப்புப் படிப்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்களும் உங்கள் பத்திரிகையைத்தான் படிக்கிறார்கள். சின்னதாக ஒரு திருத்தம் போடுங்கள். இனி இப்படிச் செய்தி வரும்போது விமானத்தின் ரகத்தையும் சேர்த்து எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமான மெக்கானிக்,
மத்திகிரி, ஓசூர்.